பீப்பாயில் கிடந்த சாவி

ருசி விஷயத்தில் ஒருவன் பொய் சொல்ல முடியுமா? முடியும் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். மாமியார் வீட்டில் பிடிக்காத பாயசத்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லாதவர் யார்? நான் கேட்பது அந்தப் பொய்யை அல்ல. ஒருவன் யாரையும் திருப்திப்படுத்தும் உத்தேசம் இல்லாமல், தன் நாக்கில் பட்டதைப் பட்டபடியே சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவன் சொன்னது தவறாக இருக்க முடியுமா? முடியாது என்றால் அது சரியாகவும் இருக்க முடியாது. அது வெறும் முனகல். பசித்த வயிறு இரைவது மாதிரி. முடியும் என்றால், எதை வைத்துத் தவறு என்று காட்டுவது? விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருக்கும் காரியம் முழுவதும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

நம் வட்டாரத்துக்கு இது புதிய பிரச்னை அல்ல. க.நா.சு. தன் ரசனையை நம்பிப் பட்டியல்கள் போட்டார். காரணம் கேட்டவர்களிடம், படித்துப் பாருங்கள், தெரியும் என்கிற தோரணையில் நின்றார். செல்லப்பா அது போதாது என்று கருதி 'எழுத்து'வில் அலசிக் காட்டினார். 'எழுத்து' 1959-லிருந்து 1970 வரை வந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ரசனையா அலசலா என்கிற கேள்வி இன்று இரண்டு பெயர்களைச் சொல்லிச் சண்டை போடுகிற வழக்கமாகத் தேய்ந்து நிற்கிறது. ஆகவே இலக்கியத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ருசி என்ற சொல் உவமையாக அல்லாமல் சொந்த வீட்டிலேயே குடியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொள்வது ஜெர்மனியில் மோஸல் நதியின் பள்ளத்தாக்கிலும் அதில் வந்து சேரும் ஸார் நதியின் பள்ளத்தாக்கிலும் விளைகிற ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயினை.

டாஸ்மாக் கடை வாசலில் பெண்கள் நின்று கடையை மூடச் சொல்லிப் போராடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒயின் ரசனை பற்றிக் கட்டுரையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் குடியைப் பற்றிப் பேச நமக்குத் தெரிந்த பாஷை இரண்டே இரண்டு: ஒன்று கண்டனம், மற்றது கொண்டாட்டம். இரண்டிலும் நாக்குக்கு இடமில்லை. நக்கீரரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் யவனர் கொண்டுவந்த தேறல் வருகிறது. குளிர்ச்சி, மணம் என்று புலனைச் சார்ந்தே அங்கே அதற்கு அடைமொழி அமைகிறது. இன்றைய நம் உரைநடையில் மதுவுக்கு அப்படி இரண்டு சொல் கிடைப்பது அரிது.

ருசிக்கு அளவுகோல் உண்டா என்று கேட்டு டேவிட் ஹ்யூம் 1757-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். (ஹ்யூம் இளவயதில் சில மாதங்கள் பிரிஸ்டல் நகரில் சர்க்கரை வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். குமாஸ்தாக்கள் தத்துவம் பேசக்கூடாது என்பவர்கள் கவனிக்கவும்.) 'டான் கிஹோட்டே'யில் சாங்க்கோ பான்சா சொல்லும் கதை ஒன்றை அவர் எடுத்து ஆள்கிறார். சாங்க்கோவின் உறவினர் இருவரை ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்க்க அழைக்கிறார்கள். நல்ல ஒயின், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல ஒயின், ஆனால் இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார் மற்றவர். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி. அதில் கோத்த தோல்வார்.

ஹ்யூமின் வாதத்துக்கு இந்தக் கதை கச்சிதம். நுட்பமான நாக்கு என்பது கற்பனை அல்ல. பொருளில் இருப்பதைத்தான் அது சொல்கிறது. சாவி அதற்குச் சாட்சி. ஆனால் கதையில் அவர் நின்று பார்க்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவருக்கும் பாதிதான் கிடைத்தது. ஒருவர் சொன்னதை வைத்து மற்றவரைச் சோதித்திருந்தால் இருவருமே தோற்றிருப்பார்கள். இரண்டாவது, ஊர் சிரித்தபோது அவர்கள் தங்கள் சொல்லை மாற்றிக்கொண்டதாகக் கதையில் இல்லை. ஒருவர் தோல் என்கிறார், இன்னொருவர் இரும்பு என்கிறார், சுற்றிலும் சிரிப்பு. அந்த நிமிஷத்தில் சாவி இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த நிமிஷத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. ஏனென்றால் கவிதையின் அடியில் சாவி கிடப்பதில்லை. எத்தனை வருஷம் கழித்துக் கவிழ்த்துப் பார்த்தாலும் ஒன்றும் கடகடக்காது. விமர்சகன் ஆயுள் முழுவதும் அந்த நிமிஷத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

காண்ட் இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒயினை வெளியே நிறுத்திவிட்டார். கானரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருவன் சொன்னால், 'எனக்கு' இனிமையானது என்று அவன் திருத்திக்கொள்ள வேண்டும். அழகைப் பற்றிச் சொல்லும்போதுதான் எல்லாருக்குமாகப் பேசுகிறோம் என்பது 1790-ல் வெளியான அவருடைய மூன்றாவது விமர்சன நூலின் நிலை. மதிய விருந்தில் நண்பர்களோடு தவறாமல் ஒயின் அருந்தியவர் அவர். நாக்கை இவ்வளவு கேவலமாக மதித்தது ஆச்சரியம்தான்.

இனி பள்ளத்தாக்குக்கு வருவோம். பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 50 பாகையில் இருக்கிறது மோஸல். திராட்சை பழுக்கக்கூடிய எல்லையில், பல காலம் எல்லைக்குச் சற்று வெளியிலேயே, இருந்த இடம். அங்கே திராட்சை விளைவதற்குக் காரணம் சமதளம் இல்லாததுதான். நதி வளைந்து வளைந்து போகிறது. தெற்கே பார்த்த சரிவுகள் சில இடங்களில் 60 பாகைக்கும் மேலே செங்குத்து. அவை மட்டும் வெயிலை முழுமையாக வாங்குகின்றன. தரை முழுவதும் கறுத்த பலகைக்கல் சில்லுகள். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டின் ஜாதிக் கல். பகலில் வாங்கிய சூட்டை இரவில் அது விட்டுக்கொடுக்கிறது. இயந்திரம் ஏற முடியாத சரிவில் ஆட்கள் கூடையோடு ஏறிப் பறிக்கிறார்கள். 1787-ல் ட்ரியர் நகரத்து ஆட்சியாளரான பேராயர் க்ளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டரகக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகம் நட வேண்டும் என்று உத்தரவிட்டார். ரீஸ்லிங் அங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

குளிர் என்ன செய்கிறது? வெப்பமான இடத்தில் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். குளிர்ந்த இடத்தில் பழம் அக்டோபர் கடைசி வரையிலும், சமயங்களில் நவம்பர் வரையிலும் கொடியிலேயே தொங்கும். சர்க்கரை மெல்ல ஏறுகிறது, புளிப்பு போகாமல் நிற்கிறது. மோஸலில் நொதிப்பைப் பாதியில் நிறுத்திச் சர்க்கரையில் கொஞ்சத்தை அப்படியே விட்டுவிடுவது பழைய வழக்கம். அப்படிப்பட்ட ஒயினில் சாராயச் சத்து 8 சதவீதம்தான் இருக்கும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

என் தங்கையின் கணவர் லக்ஸம்பர்க்கில் கணினி வேலையில் இருக்கிறார். ஸார் பள்ளத்தாக்கு அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள். 2023 அக்டோபரில் விடுப்பில் போயிருந்தபோது, ஒரு குடும்பம் நடத்திவரும் சிறிய ஒயின் பண்ணைக்கு என்னை அழைத்துப் போனார். பண்ணைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மேஜைமேல் ஆறு பாட்டில், ஆறும் ரீஸ்லிங், லேபிள் எல்லாம் அவர் பக்கம் பார்த்தபடி. பக்கத்தில் ஒரு மண் ஜாடி, துப்புவதற்கு. ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. வாயில் சுழற்றி, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, துப்பிவிடுகிறார்கள். எச்சில் என்ற பிரக்ஞையோடு வளர்ந்தவனுக்கு மேஜையில் நாலு பேர் நடுவே துப்புவது சங்கடம். ஆனால் குடிப்பதையும் ருசிப்பதையும் இவ்வளவு ஸ்தூலமாகப் பிரித்துக் காட்டும் காரியம் வேறில்லை. துப்பினபிறகும் நாக்கில் நிற்பது எதுவோ அதைப் பற்றித்தான் பேச்சு.

முதலாவது இனிப்பே இல்லாதது. எலுமிச்சம்பழத்தோலை நகத்தால் கீறினால் எழும்புகிற வாசனை, பிறகு பல் கூசும் புளிப்பு. இரண்டாவது கபினெட் என்ற வகை. இனிப்பு வந்து உட்காருவதற்குள் புளிப்பு அதை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. எனக்குப் பானகம் நினைவு வந்தது. அபிநவகுப்தர் ரஸத்துக்குப் பானகத்தை உவமை சொல்லியிருக்கிறார்: சேர்ந்த பொருள்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே இல்லாத ஒரு சுவை, சேர்க்கையில் மட்டும் இருப்பது. நம் மரபு ருசி என்ற உவமையை எவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டு எவ்வளவு சீக்கிரம் நாக்கை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது பற்றி எழுத எதுவும் இல்லை, நன்றாக இருந்தது.

மாப்பிள்ளை இதில் பரிச்சயம் உள்ளவர். பீச், பச்சை ஆப்பிள், சிலேட்டுக் கல் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பீச் பழத்தை நான் தின்றதில்லை. எனக்கு அது ஒரு பெயர். பி.ஏ. வகுப்பில் மூன்று வருஷம் டாஃபடில் பூவைப் பாராமலே அதன் அழகைப் பற்றி விடை எழுதி மார்க் வாங்கிய தலைமுறை நாம். பீச் வாசனைக்குத் தலையாட்டுவது ஒன்றும் பெரிய காரியம் அல்ல. நான் ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. எனக்குத் தெரியாத பழத்தின் வாசனை அதில் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆங்கிலப் புத்தகங்களில் வெள்ளை ஒயினுக்கு அடிக்கடி வரும் கூஸ்பெரியைத் தமிழில் நெல்லிக்காய் என்று போட்டுவிடுகிறோம். அது வேறு, இது வேறு. ஒன்றின் வாசனை மற்றதில் இல்லை. இப்படி மொழிபெயர்த்த சொற்களால் ருசி பார்க்கப் போனால் இரண்டு பொய் சேர்ந்து ஒரு அனுபவம் மாதிரித் தோன்றும்.

நாலாவது கோப்பை இருபது வருஷத்துக்கு மேற்பட்டது என்பது பிறகு தெரிந்தது. நிறம் பழைய தேன். மூக்குக்குக் கொண்டுபோனதும் நான் நோட்டில் 'மண்ணெண்ணெய்' என்று எழுதினேன். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், அதை அடிச்சிடுங்க, பெரியவர் கோவிச்சுக்குவார்" என்றார். அடிக்கவில்லை. பெரியவர் என்னவென்று கேட்டார். தயங்கித் தயங்கி மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பெரியவர் சிரித்தார், அங்கேயும் அதே சொல்தான், பெட்ரோல் என்கிறோம் என்றார். பழைய ரீஸ்லிங்கின் குணம் அது. இதற்கு ரசாயன விளக்கம் உண்டு. பழத்தோலில் உள்ள மஞ்சள் நிறப்பொருள்கள் சிதைந்து பாட்டிலில் வருஷக்கணக்கில் உருவாகும் ஒரு பொருள், சுருக்கமாக டி.டி.என். என்கிறார்கள். வெயில் அதிகம் பட்ட பழத்தில் அதற்கான மூலம் அதிகம்.

ஆக, பீப்பாயில் சாவி இருந்தது. ஸார் நதிக்கரையில் பிறந்தவரும் ரேஷன் கடை வரிசையில் டின்னோடு நின்று வளர்ந்தவனும் ஒருவரிடம் ஒருவர் கேளாமலே ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஹ்யூம் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்தான் நின்றது. ஏனென்றால் மண்ணெண்ணெய் எனக்கு வெறும் வாசனை அல்ல. நீலச் சாயம் போட்ட ரேஷன் எண்ணெய், திரி ஸ்டவ், அம்மாவின் புடவை. பெரியவருக்கு அது நிதானமாக முதிர்ந்த ஒயினின் கௌரவம். மூக்கில் பட்டது ஒன்றுதான். அதன் கனம் ஒன்றல்ல. இந்தக் கனத்தை ருசியில் சேர்ப்பதா, தள்ளுவதா? தள்ளிவிட்டால் மிஞ்சுவது ரசாயனம். சேர்த்துக்கொண்டால் நான் ருசித்தது ஸார் பள்ளத்தாக்கை அல்ல, என் வீட்டுச் சமையலறையை. நம்மில் பலர் மொழிபெயர்ப்புக் கவிதைக்கு எழுதுகிற மதிப்புரைகள் இந்த இரண்டாவது ரகம் என்பதை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

சிலேட்டுக் கல் ருசி என்பது வேறு மாதிரி விவகாரம். கல்லில் உள்ள தாதுக்கள் வேர் வழியாக ஏறி ஒயினில் கல்லாக ருசிப்பது சாத்தியமில்லை என்று அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியல் பேராசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகம் 2018-ல் வந்தது. கல் செய்வது சூட்டைப் பிடித்து வைப்பதும் தண்ணீரை வடியவிடுவதும்தான். அப்படியானால் மழை விழுந்த கருங்கல் மாதிரி என்று நான் எழுதிக்கொண்டது பொய்யா? 'மாதிரி' என்றுதான் எழுதினேன். அந்தச் சொல் இருக்கும்வரை அது உவமை. உவமையைக் கல்லுடைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. 'மாதிரி'யை உருவிவிட்டு, கல் ஒயினுக்குள் வந்துவிட்டது என்று விற்கும்போதுதான் கோளாறு ஆரம்பமாகிறது.

இதையெல்லாம் கேலி செய்பவர்கள் கையில் இரண்டு பரிசோதனைகள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2001-ல் பிரசுரமானது. ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினையும், அதே ஒயினை வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். சிவப்பாகத் தெரிந்ததற்கு அவர்கள் சிவப்பு ஒயினின் சொற்களையே எழுதினார்கள். இன்னொன்று கலிஃபோர்னியாவில். ஓய்வுபெற்ற பேராசிரியரும் சொந்தமாக ஒயின் தயாரிப்பவருமான ராபர்ட் ஹாட்ஜ்சன், அந்த மாநிலத்தின் பெரிய போட்டியில் நடுவர்களுக்கு அவர்கள் அறியாமல் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று தடவை ஊற்றிக் கொடுத்தார். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே தரத்தைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர். 2008-ல் இதை வெளியிட்டார்.

முதல் பரிசோதனையைச் சொல்பவர்கள் மாணவர்களை நிபுணர்களாக்கி, நிபுணர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் தெரியாது என்று முடித்துவிடுகிறார்கள். அது பரிசோதனையில் இல்லாத முடிவு. கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது என்பதுதான் அங்கே காட்டப்பட்டது. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை, பாசாங்கும் செய்யவில்லை. அவர்களுக்கு அந்த வாசனை வந்திருக்கவே வேண்டும். அதுதான் பயங்கரம். கவிஞர் பெயரைப் பார்த்ததும் வரியில் ஆழம் தெரிய ஆரம்பிப்பதும் பாசாங்கு இல்லை, உண்மையாகவே தெரிகிறது. நேர்மையாக இருப்பது போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் லேபிளை மூடி, பெயரை அழித்து, கண்ணையும் கட்டிவிட்டு ருசி பார்ப்பதுதான் உண்மையா? அப்படித்தான் நான் பல காலம் நினைத்துவந்தேன். கவிஞர் பெயர் இல்லாமல் ஒரு இதழைக் கொண்டுவர வேண்டும் என்றுகூட நண்பர்களோடு பேசியிருக்கிறேன். இந்த யோசனைக்கு எதிராக நிற்பது 1985-ல் நடந்த ஒரு விஷயம்.

ஆஸ்திரியாவில் சில வியாபாரிகள் ஒயினில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளைக் கலந்துவந்தது அந்த ஆண்டு வெளியாயிற்று. அது இனிக்கும், நாக்கில் ஒரு திண்மையைக் கொடுக்கும். மலிவான ஒயினை, கொடியில் பழுக்கவிட்டுத் தாமதமாகப் பறித்த பழத்தின் ஒயின்போல ஆக்கிவிடலாம். சில ஜெர்மானிய நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் ஒயினோடு கலந்து விற்றிருந்ததும் தெரியவந்தது. லட்சக்கணக்கான பாட்டில்களை அழித்தார்கள். பீப்பாயில் நிஜமாகவே சாவி கிடந்த சந்தர்ப்பம் இது. ஆனால் அதை எடுத்துக் காட்டியது ஆய்வுக்கூடம். நாக்குகள் இனிப்பு என்றன, கனம் என்றன. நாக்கு தவறு செய்யவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இனிப்பு இருந்தது. கனம் இருந்தது. இதே பொருள் 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அவர்களுடைய நாக்கும் அதை இனிப்பு என்றுதான் சொல்லியிருக்கும்.

பத்து வருஷமாகக் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவன் என்ற முறையில் இதை எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். கட்டை எண்ணும்போது கள்ள நோட்டு வந்தால் மனசுக்குத் தெரியும் முன்பே விரல் நின்றுவிடும். காகிதத்தின் மொரமொரப்பு, மேடாக அச்சான கோடுகளின் உரசல், எது என்று சொல்ல முடியாது. விளக்கடியில் பிடித்துப் பார்ப்பது பிறகுதான், அதுவும் பெரும்பாலும் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக. 2016 நவம்பருக்குப் பிறகு புது நோட்டுகள் வந்தபோது விரலுக்கு அந்த ஞானம் போய்விட்டது. திரும்பி வர மாசக்கணக்கில் ஆயிற்று. ஆக, பயிற்சி பெற்ற புலன் என்பது உண்டு, அது காரணம் சொல்லாமலே சரியாக இருக்கக்கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் விரலை முற்றிலும் ஏமாற்றிவிடுகிற ஒரு நோட்டு வந்தால்? காகிதம், மை, கோடு எல்லாம் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது கள்ள நோட்டுதான். ஏனென்றால் கள்ளம் காகிதத்தில் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது.

தாமதமாகப் பறித்த ரீஸ்லிங்கின் இனிப்பை நான் மெச்சும்போது நாக்கில் பட்ட சர்க்கரையை மட்டும் மெச்சவில்லை. மழையும் பறவையும் அழுகலும் பறித்துக்கொள்ளாமல் அது நவம்பர் வரை கொடியில் நின்றது, யாரோ ஒருவர் நஷ்டத்துக்குத் துணிந்து அதை நிற்கவிட்டார் என்பதையும் நம்பி மெச்சுகிறேன். அந்த நம்பிக்கை ருசிக்கு வெளியே ஒட்டிய லேபிள் அல்ல. ருசியின் ஒரு பகுதி. கண்ணைக் கட்டிக்கொள்பவன் அந்தப் பகுதியை இழக்கிறான். கட்டாதவன் ஏமாறத் தயாராக இருக்கிறான். 1971-ல் ஜெர்மனியில் வந்த ஒயின் சட்டம் ஏறக்குறைய 30,000 தோட்டப் பெயர்களைச் சுமார் 2,600-ஆகக் குறைத்தது. பீஸ்போர்ட் என்ற கிராமத்தில் 'பொன்துளி' என்று பொருள்படும் பெயருள்ள செங்குத்துச் சரிவு ஒன்று உண்டு, பழைய கீர்த்தி உடையது. புதுச் சட்டப்படி பக்கத்துக் கிராமங்களின் சமதள வயல்களையெல்லாம் சேர்த்து 'மிஷெல்ஸ்பெர்க்' என்று ஒரு பெரும் வட்டாரம் உண்டாக்கி, அதற்கும் முன்னால் பீஸ்போர்ட் என்றே போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். கடையில் வாங்குபவனுக்கு எது சரிவு, எது சமதளம் என்று தெரிய வழியில்லை. வியாபாரியின் பொய்யைவிட சட்டம் அங்கீகரித்த பொய் மோசமானது என்பேன், அதைப் பிடிக்க ஆய்வுக்கூடமும் உதவாது. விலையும் உதவாது. ஸார் பள்ளத்தாக்கின் ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் சரிவிலிருந்து வந்த 2003-ஆம் ஆண்டு ஒயின் ஒன்று 2015-ல் ட்ரியர் ஏலத்தில் பாட்டிலுக்கு 12,000 யூரோ போயிற்று. அது என் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். அதை நாக்கில் விடுகிற எவனும் 12,000 யூரோவைத்தான் முதலில் ருசிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் சாத்தியமாகத் தெரிகிறது, அதுவும் வரிசையைப் பற்றியது. தெரியாத நிலையில் என் சொல்லை முதலில் எழுதிவிட வேண்டும். பிறகு எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஒன்றையும் தள்ளாமல். பிறகு மறுபடி ருசிக்க வேண்டும். என் சொல் இடம் கொடுத்தால் கொடுக்கட்டும். கொடுக்கவில்லை என்றால் அடிக்கக் கூடாது. மண்ணெண்ணெய்க்குப் பெரியவர் சிரித்தபடி ஆமாம் சொன்னதால் அந்தச் சொல் நிலைத்தது என்று கொள்ளலாகாது. அவர் கோபித்துக்கொண்டிருந்தாலும் அது நோட்டில் இருந்திருக்க வேண்டும். ஐந்தாவது கோப்பையில் எனக்கு ஒரு கசப்புத் தட்டியது. அவருக்கு இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. இரண்டாம் தடவையும் எனக்குத் தட்டியது. அது இன்னும் நோட்டில் இருக்கிறது. சாவியா, என் நாக்கா, தெரிய வழியில்லை.

அளவுகோலைக் காலம் காப்பாற்றும் என்று ஹ்யூம் நம்பினார். பல தேசங்களில், பல நூற்றாண்டுகளாகப் பிடித்துவருவது எதுவோ அதுவே தரம். மோஸலில் இந்த நம்பிக்கைக்கு வேறொரு சோதனை வந்திருக்கிறது. 1971 சட்டம் ஒயினின் படிநிலையைப் பழரசத்தின் சர்க்கரையை வைத்து நிர்ணயித்தது. ஏணியின் அடிப்படி கபினெட். மேலே போகப் போகச் சர்க்கரை கூடும். பழம் பழுப்பதே அரிதாக இருந்த பள்ளத்தாக்கில் பழுத்ததற்கு மதிப்புக் கொடுத்தது இயற்கைதான். இப்போது வெயில் கூடிவிட்டது. அநேகமாக எல்லா வருஷமும் பழம் பழுக்கிறது, சர்க்கரை மலிந்துவிட்டது. இன்று ஆர்வலர்கள் தேடுவது அந்த அடிப்படிக் கபினெட்டை, மெலிந்து, புளித்து, விரலில் நரம்பு தெரிகிற மாதிரி இருக்கும் ஒயினை. அதைச் செய்வதுதான் இப்போது கஷ்டம் என்றார் பெரியவர். பழம் பழுத்துவிடுவதற்குள் ஓட வேண்டியிருக்கிறதாம். ஐம்பது வருஷத்தில் ஏணி தலைகீழாகிவிட்டது. ரசனை மாறியதா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் அன்றும் மெச்சியது சர்க்கரையை அல்ல, குளிரிடமிருந்து சர்க்கரை பிடுங்கப்பட்ட விதத்தை. இன்றும் மெச்சுவது அதையே, திசை மட்டும் மாறி. ஆனால் சட்டப் புத்தகத்தில் சர்க்கரையின் அளவைத்தான் எழுத முடிந்தது.

கொடியிலேயே பழம் உறைந்துபோக விட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 7 பாகைக்குக் குளிர் இறங்கிய விடியலில் பறித்து, உறைந்தபடியே பிழிந்து எடுக்கும் ஐஸ்வைன் என்று ஒரு வகை உண்டு. 2019-ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அந்தக் குளிர் வரவே இல்லை. ஜெர்மனியின் பதின்மூன்று ஒயின் வட்டாரங்களில் ஒன்றில்கூட ஐஸ்வைன் எடுக்க முடியாமல் போனது அதுவே முதல் தடவை என்றார்கள். ஆறாவது பாட்டில் என்ன என்று கேட்டபோது பெரியவர் லேபிளைத் திருப்பினார். ஐஸ்வைன், 1998. இன்னும் எத்தனை இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்டார். பதினொன்று என்றார். அதைத் துப்ப வேண்டாம் என்று சைகை காட்டினார்.